என் வீட்டுக்காரர் பாய்லர் மேல் நான் கொடுத்த புகார்

மனுவில் முதல் கையெழுத்து என்னுடையதுதான். யாரும் என் கையைப் பிடித்து இழுத்துப் போடவைக்கவில்லை. 'அருள்செல்வி, கணவர் பெயர் ஜெபக்குமார்' என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுப் பேனாவை அடுத்த வீட்டு வெள்ளைத்தாயிடம் நீட்டினேன். அவள் என்னையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, அண்ணன் வேலைக்கே வேட்டு வைக்கியளே?"

"ஒங்க அண்ணன் என் சேலைக்கு வேட்டு வச்சாரே, அத எவ கேட்டா? போடு கையெழுத்த."

சங்கதி இதுதான். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் கம்பெனி ஒன்றில் என் வீட்டுக்காரர் பாய்லர் ஆபரேட்டர். அதே கம்பெனியில் நான் துணி செக்கிங். எங்கள் வீடு கம்பெனி மதிலுக்குப் பின்னால் இருக்கிற தெருவில். அந்தப் புகைபோக்கி கக்குகிற கரியெல்லாம் எங்கள் தெரு மொட்டை மாடிகளில்தான் வந்து இறங்கும். வெள்ளைத்தாயின் மாமியார் இருமி இருமி எலும்பும் தோலுமாகிவிட்டார். கம்பெனியிலும் அதே கதைதான். வெளுத்துக் காயப்போட்ட துணியில் பொட்டுப் பொட்டாகக் கரி. காயத்தில் கட்டுகிற துணி அது. புள்ளி இருந்தால் தள்ளிவிட வேண்டியதுதான். தள்ளினால் முதலாளி முகத்தைத் தூக்கிக்கொள்வார். இருபத்தாறு வருஷமாக நானும் ஊதுகிற சங்கை ஊதிக்கொண்டேதான் இருந்தேன். "நெருப்புன்னா பொகையத்தான் செய்யும்" என்று ஒரே பதிலைச் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவார் மனிதர். போன அக்டோபரில், சர்ச்சில் திருவிருந்து ஞாயிறுக்குக் கட்டலாம் என்று துவைத்துப் போட்ட வெள்ளைச் சேலையை மாடியிலிருந்து எடுத்து விரித்தால், எள்ளைத் தூவினமாதிரி கரி. அன்றைக்குத்தான் தெருவில் மனு எழுதினார்கள். போட்டேன்.

மூன்றாம் வாரம் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசிலிருந்து கம்பெனிக்கு நோட்டீஸ் வந்தது. நாற்பத்தைந்து நாளுக்குள் புகையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பாய்லருக்குச் சீல். முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் சலித்துப்போன மனிதர். "மூடிருவோம். துணிய வெளிய குடுத்து வெளுத்து வாங்கிக்கிடலாம்" என்றார். அங்கே இருபத்திரண்டு பேர் வேலை பார்க்கிறோம். கரி நிற்க வேண்டும் என்று கையெழுத்துப் போட்டேனே தவிர, அடுப்பே அணையட்டும் என்றா போட்டேன்?

அன்று சாயங்காலம் வீட்டில் குருக்ஷேத்திரம் நடக்கும் என்று காத்திருந்தேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கையெழுத்து நல்லாத்தான் போட்டிருக்க" என்றார். அவ்வளவுதான். கை கழுவிவிட்டு வந்து, "தீயப் போடுதது நான். அப்ப பொகையும் நான் போடுததுதான். நிறுத்திக் காட்டுதேன்" என்றார்.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிறந்தது தேவதானத்தில். பத்தாம் வகுப்பில் தவறி, பதினெட்டு வயதில் இந்தக் கம்பெனிக்கு விறகு சுமக்க வந்தவர். பாய்லர் பரீட்சையை இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டு, மூன்றாம் தடவை சர்டிபிகேட் வாங்கினார். பேச்சு கம்மி, பிடிவாதம் ஜாஸ்தி. ஒரே ஒரு பெருமைதான் உண்டு அவருக்கு. நாலடி நீள விறகை ஆறடி தள்ளி நின்று வீசினால், கதவு விளிம்பில் படாமல் நேராக நெருப்புப் பெட்டியின் கோடியில் போய் விழும். 'ஜெபக்குமார் ஒருக்க அடைச்சான்னா ஒரு மணி நேரத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்' என்பார்கள். அடைத்துவிட்டு டீக்கடைக்குப் போவார். அந்த ஒரு மணி நேரம்தான் எங்கள் தெருவில் கருமழை பெய்யும்.

மறுநாள் முதலாளியிடம் போய்ப் பாய்லரின் பழைய வரைபடத்தைக் கேட்டார். பீரோவுக்குள் பாச்சை உருண்டை வாசத்தோடு கிடந்தது. அந்தக் காலத்து ரயில் எஞ்சினில் இருக்குமே, அதே ஜாதிப் பாய்லர். முன்னால் நெருப்புப் பெட்டி, பின்னால் நீளமான தண்ணீர் உருளை. தண்ணீருக்கு நடுவே ஓடுகிற குழாய்கள் வழியாகத்தான் சூடும் புகையும் புகைபோக்கிக்குப் போக வேண்டும். படத்தில் நெருப்புப் பெட்டிக்குள், தீக்கு மேலே சாய்வாகச் செங்கல் வளைவு ஒன்று இருந்தது. புகை நேராகக் குழாய்க்குள் ஓடிவிடாமல் அதைச் சுற்றிக்கொண்டு வரும். கனிந்து சிவந்த கல்லின் சூட்டில் அங்கேயே எரிந்தும் போகும். அப்படி ஒரு வளைவை இவர் கண்ணால் பார்த்ததே இல்லை. நீள விறகுக்கு இடைஞ்சல் என்று, இவருக்கு முன்னால் இருந்தவரே அதை இடித்துவிட்டாராம். மிச்சம் கிடந்த இரண்டு கல்லை வேலைக்குச் சேர்ந்த புதிதில் இவரே பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் தண்ணீர் டிரம் இத்தனை வருஷமாக உட்கார்ந்திருப்பது அந்தக் கல்லின் மேல்தான். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

"உள்ள கம்பி வெல்டு வச்சு அதும்மேல கல்ல அடுக்கிரலாம்லா?" என்று முதலாளி கேட்டார். "பிளேட்டுல ஒரு கீறல் போட மாட்டேன் மொதலாளி. அதுக்கு அந்தப்பக்கம் கொதிக்கிற தண்ணி இருக்கு" என்றுவிட்டார். கொத்தனார் தவசிமுத்துவைக் கூட்டிவந்து, இரண்டு ஓரத்திலும் சின்னத் தூண் எழுப்பி, தீயைத் தாங்குகிற செங்கல்லை ஆப்புமாதிரி செதுக்கி, ஒன்றை ஒன்று நெருக்கிப் பிடிக்கிற மாதிரி வளைவு கட்டினார்கள். மூன்று நாள் உலரவிட்டு, சுள்ளி போட்டுப் பதமாகச் சூடேற்றினார். நான்காம் நாள் பிளீச்சிங்கிலிருந்து "அண்ணாச்சி, ஸ்டீம் பத்தல!" என்று சத்தம் வந்ததா, இவர் நாலடி விறகை எடுத்தார், ஆறடி தள்ளி நின்றார், வீசினார். உள்ளே 'தடதட'வென்று ஒரு சத்தம். கட்டின வளைவு மொத்தமும் தீக்குள் கிடந்தது.

இடித்தது யார்? இவரேதான்! நான் அழுதுகொண்டே திட்டினேன். "எட்டு நாள் போச்சே! அந்தக் கைய ஒடிச்சு அடுப்புல வச்சா என்ன?"

"கை என்ன செய்யும்ட்டி. பழக்கம்லா வீசுது" என்றார். மறுநாள் மர அறுவை மெஷினை வரவழைத்து, கம்பெனியில் கிடந்த அவ்வளவு விறகையும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் துண்டாக அறுத்துத் தள்ளிவிட்டார். வீச வேண்டும் என்று ஆசைப்பட்டாலும் வீசுவதற்கு விறகு இல்லை. இரண்டாவது வளைவு எழும்பியது. புகை பாதியாகக் குறைந்தது. பாதிதான். கறுப்பு போய்ச் சாம்பல் நிறத்தில் வந்துகொண்டிருந்தது. நாள் இருபத்தைந்து ஆகிவிட்டது.

அப்போதுதான் முதலாளி இவரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார். பார்க்க வருகிற அதிகாரிக்குக் கொடுக்க நல்ல பால்கோவாவாக இரண்டு கிலோ வாங்கிவரச் சொன்னார். பட்டறையில் நேரில் வாங்கினால் சூடாகக் கிடைக்கும் என்று வெங்கடேஸ்வரி என்கிற அம்மாவின் பட்டறைக்கு இவர் போயிருக்கிறார். உள்ளே நாலு அடுப்பு விறகில் எரிகிறது, இவர் கண்ணில் கரிப்பே இல்லை. பால்கோவாவை மறந்துவிட்டு அடுப்பு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பால் பொகை வாடை பிடிச்சுச்சுன்னா கோவாவ நாய்கூட மோந்து பாக்காதுங்க" என்றாராம் அந்தம்மா. "அதுக்குத்தான் வெறகு ஒண்ணு ஒண்ணா வைப்போம். மேல அந்த ஓட்டை இருக்கே, அதையும் அடைக்க மாட்டோம்."

தீக்கு மேலே அடுப்புச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வரிசையாகத் துளைகள். கையைக் கிட்டே கொண்டுபோனால் காற்று உள்ளே இழுக்கிறது. இவர் சும்மா இருப்பாரா? ஈரத் துண்டால் துளைகளைப் பொத்திப் பார்த்திருக்கிறார். குப்பென்று புகை. "ஏமண்டி! பாலு, பாலு! துண்ட எடுங்க!" என்று தெலுங்கும் தமிழுமாகக் கத்தி அந்தம்மா கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டாராம். இவர் கும்பிட்டுவிட்டு ஓடி வந்து பஸ் ஏறிவிட்டார், வெறுங்கையோடு. முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

எங்கள் பாய்லர் கதவிலும் அதே மாதிரி காற்றுத் துளைகள் இருந்திருக்கின்றன. குளிர்ந்த காற்று போனால் தீ அவிந்துவிடும் என்று இவரே ஒவ்வொரு வருஷமும் ஆயுதபூஜைக்குச் சுத்தம் செய்யும்போது களிமண்ணைக் குழைத்து நன்றாகப் பூசி அடைத்திருக்கிறார். எவ்வளவு அக்கறை பாருங்கள்! உளியால் கொத்தி எல்லாவற்றையும் திறந்தார். வந்த காற்று தீயைத் தொடாமல் நேராக மேலே ஓடியது. கதவுக்கு உட்புறம், கனமான இரும்புத் தகடு ஒன்றைத் தாழ்வாரம்போலச் சரித்து மாட்டினார். காற்று அதில் முட்டித் தீயின் தலைமேலேயே இறங்கியது. இந்தத் தகடு படத்திலும் இல்லை, பட்டறையிலும் இல்லை. அது இவரே யோசித்தது. எனக்குச் சொல்லும்போதே பெருமையாக இருக்கிறது, என்ன செய்ய.

முப்பத்தாறாம் நாள் அதிகாரி வந்தார். சின்ன வயதுப் பெண். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "நான் வர்றேன்னு பாய்லரை அணைச்சுட்டீங்களா? பத்த வச்சுட்டுக் கூப்பிடுங்க" என்று கோபப்பட்டார். இவர் உள்ளே கூட்டிப்போய் ஸ்டீம் கேஜைக் காட்டினார். முள் ஏழில் நின்றது, பாய்லர் எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தப் பெண் வெளியே போய் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தார்.

"ரொம்ப நல்லது. மனு கொடுத்தவங்க, புகை நின்னுடுச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டா முடிச்சிடலாம். முதல் பேரு யாரு, அருள்செல்வியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேனாவை முதலாளியே மூடி கழற்றிக் கொடுத்தார். என் வாய் சும்மா இருக்குமா? "ஒரு நாளுக்கெல்லாம் கையெழுத்து கெடையாதும்மா" என்றேன். "ஏழு நாள் என் மாடிக் கொடியில வெள்ளத் துணி போடுவேன். ஒரு புள்ளி விழக்கூடாது. விழுந்தா மொதல்ல இருந்து எண்ணணும்."

"ஒம் புருசன் பொழப்புமா இது!" என்று முதலாளி கத்தினார்.

"தெரியும் மொதலாளி. நான் இன்னைக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டா வெள்ளைத்தாய் மாமியா மொகத்துல எப்படி முழிப்பேன்?"

இவர் மட்டும்தான் நிதானமாக, "அதுல மழை நாளும் சேருமா?" என்று கேட்டார். சேரும் என்றேன். "சரி" என்று தீப்பக்கம் திரும்பிவிட்டார்.

மழையும் வந்தது. விறகைப் பாய்லர் ஓரத்திலேயே அடுக்கிக் காயவைத்து எரித்தார். நாலு நாள் துணி மல்லிகைப் பூவாக இருந்தது. ஐந்தாம் நாள் சாயங்காலம் மடிக்கிறேன், ஓரத்தில் ஒரு புள்ளி. ஒன்றே ஒன்று, கடுகளவு. சத்தியமாகச் சொல்கிறேன், அதை நகத்தால் சுரண்டிவிடலாமா என்று நினைத்தேன். இன்னும் நாலு நாளில் கெடு முடிகிறது. மறுபடி ஏழு நாள் எண்ண நாள் எங்கே இருக்கிறது? துணியைச் சுருட்டி மடிக்குள் செருகிக்கொண்டேன்.

இவர் வந்து நின்றார். "துணியக் கொண்டா. இன்னைக்கு விழுந்திருக்கும். வெறகு லாரி வந்துச்சு. எறக்கப் போற அவசரத்துல ஒரே அடியா அடைச்சுட்டுப் போயிட்டேன்."

நான் அழுதேன். "யாரும் பாக்கலங்க. நான் அலசிருதேன்."

"நான் பாத்தேன்லாட்டி" என்றார்.

மறுநாள் அந்தத் துணியை மஞ்சள் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, அதிகாரியின் ஆபீசுக்கு விருதுநகர் பஸ் ஏறினார். பயத்தில் நானும் கூடவே போனேன். மேஜையில் துணியை விரித்து, புள்ளியைக் காட்டி, "இது என் தப்புமா, பாய்லர் தப்பு இல்ல. இன்னும் பத்து நாள் குடுங்க" என்றார். அந்தப் பெண் புள்ளியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "தன் பாய்லருக்கு எதிரா சாட்சி கொண்டு வந்த ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று சொல்லிப் பத்து நாள் எழுதிக் கொடுத்தார். திரும்பி வந்ததும் முதலாளியிடம், லாரியை இறக்க வேறு ஆள் போடுங்கள், தீ எரிகிறவரை இந்தக் கதவை விட்டு நகர மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். டீயும் அங்கேதான், சோறும் அங்கேதான். அஞ்சு நிமிஷத்துக்கு இரண்டு துண்டு, அஞ்சு நிமிஷத்துக்கு இரண்டு துண்டு.

ஏழு நாளும் துணி வெள்ளை. ஏழாம் நாள் அதிகாரி வந்தார். துணிகளை ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பாய்லர் முன்னால் போட்ட ஸ்டூலில் காகிதத்தை வைத்து நான் கையெழுத்துப் போட்டேன், அதே கொட்டை எழுத்தில். எழுத்து தெரியாமல் கண்ணீர் மறைத்தது. பிளீச்சிங் பெண்கள் கை தட்டினார்கள். முதலாளி இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு இவர் முன்னால் போய் நின்று, "போட்டுட்டேங்க, பாருங்க" என்றேன்.

"செத்த தள்ளி நில்லுட்டி" என்றார். "வெறகு போடணும்."