படித்துறையில் ஏறிய முதலை

காலியான முட்டை அட்டை ஒன்றை டீச்சர் என்னிடம் கேட்டு வாங்கிப் போனபோது, எதற்கென்று நான் கேட்கவில்லை. போய்ப் பார்த்தால், பெஞ்சின் மேல் அதை வைத்து, அதன் குழிக்குள் கைப்பேசியைச் செருகி நிறுத்தியிருந்தார். முட்டை அட்டையை எடைக்குப் போடலாம், அடுப்புப் பற்றவைக்கலாம் என்பதற்கு மேல் நான் யோசித்ததே இல்லை. முக்கூடல் பக்கம் ஓர் ஆற்றங்கரைப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறேன். இரண்டாம் வகுப்பு டீச்சர்தான் மாறுதல் வாங்கிக்கொண்டு கூடங்குளம் பக்கம் தன் ஊருக்கே போய்விட்டார். அவரைப் பற்றி நாலு பேரிடம் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஏஐயை வைத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து வீடியோ செய்யப்போகிறேன் என்று அவர் சொன்னபோது, முதலில் வாய்ப்பாடு வரட்டும் தாயே என்று நான் முணுமுணுத்தது உண்மை. ஆனால் அவர் செய்த விதமே வேறு. கைப்பேசியை எடுத்த எடுப்பில் காட்டமாட்டார். முதலில் வேப்பமரத்தடியில் கதையைப் பிள்ளைகள் நடித்தாக வேண்டும். ஒருத்தன் மரமாக நிற்பான், ஒருத்தி ஆறாகப் படுத்துக்கிடப்பாள். பிறகு அவர்கள் சொல்வதை, சொன்ன சொல் மாறாமல் டீச்சர் கைப்பேசியில் அடிப்பார். வந்து விழும் படத்தில் பிள்ளைகள் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். ஆறு கேட்டதற்கு ஒருமுறை பனிமலையும் ஊசிமரமுமாக ஏதோ வந்தது. "ஏஐ அண்ணாச்சி நம்ம ஊருக்கு வந்ததே இல்ல போல" என்றான் ஒரு வாண்டு. அப்படியானால் நீங்களே சொல்லிக்கொடுங்கள் என்று டீச்சர் விட்டுவிட்டார். மருதமரம் எங்கே, துவைக்கிற கல் எங்கே, எருமை எங்கே என்று அவர்கள் அந்த இயந்திரத்தைப் படுத்திய பாட்டைப் பார்த்து எனக்கு உலை பொங்கியதே தெரியவில்லை.

அந்த வகுப்பில் பேச்சி என்று ஒரு சிறுமி. அவள் அம்மா படித்துறைக்கு மேலே பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். குளிக்க வருகிறவர்களுக்குச் சோப்பும் சீயக்காயும் விற்பதுதான் பிழைப்பு. முதலைக் கதை பேச்சியுடையது. ஆற்றில் பசியோடு கிடக்கிற முதலைக்குச் சாம்பார் வாசம் எட்டுகிறது, படித்துறை ஏறிப் பள்ளிக்கூடத்துக்கு வந்து தட்டோடு வரிசையில் நிற்கிறது, முட்டை கேட்கிறது. ஆறு நம்முடையதாகவே இருக்கட்டுமென்று டீச்சர் படித்துறையைப் படம் பிடித்து ஏஐக்குக் கொடுத்தார். முதலையை அதட்டி வரிசையில் நிறுத்துவது நான்தான், கையில் கரண்டியோடு. படத்தில் கொஞ்சம் ஒல்லியாகவே இருந்தேன். அதற்காகவும் எனக்கு அந்தப் படம் பிடிக்கும்.

வினை பேச்சியின் சித்தப்பா உருவத்தில் வந்தது. டீச்சர் பேச்சி வீட்டுக்கு அனுப்பிய வீடியோவில், முதலை தண்ணீரிலிருந்து படியேறும் துண்டை மட்டும் வெட்டி, நம்ம படித்துறையில் முதலை என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். விளையாட்டுக்குத்தான் போட்டானாம், பாவிப் பயல்! மறுநாள் காலையில் படித்துறையில் ஈ காக்கை இல்லை. பாபநாசம் அணைப் பக்கமிருந்து இறங்கி வந்திருக்கும் என்றார் ஒருவர். அதன் வாலைக் கண்ணால் கண்டதாகச் சத்தியம் செய்தாள் ஒருத்தி. டீச்சர் வீடு வீடாகப் போய் முழுப்படத்தையும் போட்டுக் காட்டினார். முட்டை கேட்கிற முதலையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் ஆற்றில் இறங்கவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா என்றார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது என்பது என்னைப்போல் தினமும் உலை வைக்கிறவளுக்குத் தெரியாததா?

பேச்சியின் அம்மா கடையைத் திறந்து வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் பிள்ளையை இழுத்துப் போட்டு அடித்துவிட்டாள். "ஏட்டி, ஒன் மொதல எம் யாவாரத்தல்லா முழுங்கிட்டு" என்று அவள் அழுதது தெருவுக்கே கேட்டது. மறுநாள் பள்ளிக்கு வந்த பேச்சி வாயைத் திறக்கவில்லை. டீச்சர் பக்கத்தில் உட்காரவைத்து வெகுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்த பிறகுதான் ஒன்று சொன்னாள்.

"நான் இனி கத சொல்ல மாட்டேன் டீச்சர். சொன்னா நெசமாயிருது."

வீடியோ வேலையைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்கும்படி தலைமையாசிரியர் சொன்னார். டீச்சர் தகராறு செய்யாமல் சம்மதித்தார். ஆனால் இந்தப் பிள்ளையின் வாய் அடைத்துப்போனதை மட்டும் அவரால் ஏற்கமுடியவில்லை. கதை சொன்னதற்காக அடிவாங்கிய பிள்ளை பிறகு எதைத்தான் சொல்லும் என்று என்னிடம் வந்து கண்கலங்கினார்.

சனிக்கிழமை காலை என்னையும் பேச்சியையும் கூட்டிக்கொண்டு படித்துறைக்குப் போனார். மேலே சாலையோரம் சனம் நின்று வேடிக்கை பார்த்தது. டீச்சர் பேச்சியின் அம்மாவிடம் ஒரு சோப்பு வாங்கினார். கைப்பேசியைப் பேச்சி கையில் கொடுத்துப் படம் பிடிக்கச் சொன்னார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியிறங்கினார். நான் பதறிப் பின்னாலேயே இரண்டு படி இறங்கினேன். முதலைக்காக அல்ல. கடற்கரையில் பிறந்தவர் என்றாலும் அவருக்கு நீச்சல் தெரியாது; ஆற்றில் கால் நனைத்ததோடு சரி. முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏறியது. அப்படியும் அவர் திரும்பவில்லை. அவ்வளவு துணிச்சலை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அப்போது மேலேயிருந்து ஒரு பெரியவர் பதறிக்கொண்டு இறங்கி வந்தார்.

"ஏ டீச்சர், அங்கன போகாதிய, பள்ளம் கெடக்கு. இங்கன வாங்க. பைய, பைய."

சொல்லிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கித் தோள்துண்டின் ஒரு நுனியை டீச்சரிடம் நீட்டினார். டீச்சரை மேட்டுக்கு இழுத்துவந்த பிறகுதான், தான் எங்கே நிற்கிறோம் என்பதே பெரியவருக்கு உறைத்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். வந்ததே வந்தோம் என்று முங்கி எழுந்தார். கரையில் சிரிப்பு வெடித்தது. அவர் பேரன் குதித்தான். பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கடையில் சோப்புக்குக் கை நீண்டது.

பேச்சி படியில் நின்று இன்னும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவள் குரல் கேட்டது, கைப்பேசிக்குள்தான் பேசினாள்.

"ஒரு ஊர்ல ஒரு டீச்சர் இருந்தாவ. அவியளுக்கு நீச்சத் தெரியாது. அதனால மொதல அவியள முதுவுல ஏத்திக்கிட்டு..."

அதற்குள் அம்மா தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அம்மா யாருக்கோ நீட்டிய சீயக்காய்ப் பொட்டலத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் நிப்பாட்டிட்ட? பெறவு என்னட்டி ஆச்சு?"