போலாம் ரைட்

ரைட்டுக்கு உட்காரத் தெரியாது. நகரப் பேருந்தில் ஆயுசில் பாதியை நின்றே கழித்த நடத்துநர் அவர். ‘போலாம் ரைட்!’ என்று அவர் குரல் கொடுத்தால் அவருடைய வண்டி மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் வண்டியும் கிளம்பிவிடும் என்பார்கள். அந்தக் குரல்தான் அவருக்கு இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தது.

ஓய்வு பெற்றால் ஆசாமி அடங்கிவிடுவார் என்று எல்லோரும் நம்பினார்கள். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? பேருந்து கையைவிட்டுப் போனதும் வீட்டையே பேருந்தாக்கிவிட்டார். மனைவி குளிக்கப் போனால் வெளியே நின்று கதவைத் தட்டுவார். அவள் சாப்பிட உட்காரும்போது இவர் கை கழுவிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். ஒரு கல்யாணத்தில் படம் எடுக்க நின்ற மாப்பிள்ளையையும் பெண்ணையுமே “உள்ள போங்க, உள்ள போங்க” என்று நகர்த்திவிட்ட புண்ணியவான் அவர்.

மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். பல வருஷம் கணவனின் பேருந்திலேயே வேலைக்குப் போனாள். வழியில் பெரிய அருங்காட்சியகம் ஒன்று வரும். அகலமான படிகள், தூண்கள், தூணுக்குத் தூண் தொங்கும் ஓவியப் பதாகைகள். “ஒருநாள் இறங்கி நின்னு பாக்கணும்” என்பாள். “அடுத்த வாரம்” என்று சொல்லிக்கொண்டே ரைட்டு விசிலை ஊதுவார். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை.

வேறு ஊரில் இருந்த ஒரே மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே மனைவி சொன்னாள்.

“மக என்னை அங்கேயே இருந்துடச் சொல்றா. எனக்கும் அதுதான் சரின்னு படுது.”

“அங்கேயேன்னா?”

“அங்கேயேன்னா அங்கேயேதான். உங்க அவசரத்துக்கு ஈடு கொடுத்து எனக்கு மூச்சு வாங்குது.”

விளையாட்டுக்குச் சொல்கிறாளா என்று அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை.

“நாளைக்கு நான் கிளம்பறேன். இன்னைக்கு அந்த மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. எனக்குப் போதும்ங்கிற வரைக்கும் ‘போலாம்’ங்கிற வார்த்தை உங்க வாயில வரக் கூடாது. வரலைன்னா ஒரு மாசத்துல திரும்பி வந்துடறேன். வந்துச்சுன்னா, நான் வரல.”

“ப்பூ, இவ்வளவுதானே!” என்றார் ரைட்டு. வாய் வீரத்துக்கு அவரிடம் என்றைக்கும் குறைவில்லை.

உள்ளே நுழைந்ததுமே சோதனை தொடங்கிவிட்டது. முதல் கூடத்தில் கற்சிலைகள். தலை இல்லாதது, கை இல்லாதது, இரண்டும் இருந்து மூக்கு இல்லாதது. ஒரே வீச்சில் அத்தனையையும் பார்த்து முடித்துவிட்டுத் திரும்பினால், மனைவி இன்னும் முதல் சிலையின் பாதத்தில் நிற்கிறாள். அதன் விரல் நகங்களைப் பார்க்கிறாளாம். ரைட்டுக்குக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நின்றதைப் பார்த்ததும் பொறுக்க முடியவில்லை.

“வழியில நிக்காதீங்க! உள்ள எடம் காலியாத்தானே இருக்கு, முன்னால போங்க!”

கூட்டம் மறுபேச்சில்லாமல் நகர்ந்தது. காவலாளி ஓடி வந்தார்.

“நீங்க இங்க புதுசா வேலைக்கு வந்திருக்கீங்களா?”

“இல்லீங்க, சும்மா பாக்க வந்தேன்.”

“அப்ப பாருங்க” என்றார் காவலாளி. மனைவி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ‘நான் அந்த வார்த்தையைச் சொல்லலையே’ என்று இவர் இரண்டு கையையும் விரித்தார்.

வாள்கள், பானைகள், பழைய காசுகள், ஒரு ராணியின் சீப்பு. சீப்பில் எத்தனை பல் உடைந்திருக்கிறது என்று பார்க்க அவளுக்கு அத்தனை நேரம். நாக்கு நுனிக்கு வந்து நின்ற வார்த்தையை இவர் எச்சிலோடு சேர்த்து விழுங்கினார். தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு மாடிக்கு ஏறி, மனித குலத்தின் மொத்த வரலாற்றையும் ஒரு சுற்றில் முடித்துக்கொண்டு இறங்கி வந்தார். அப்போதும் அவள் சீப்பைவிட்டு அடுத்த அறைக்குத்தான் போயிருந்தாள்.

அங்கே சுவர் முழுக்க ஓர் ஓவியம். ஆற்றில் படகு ஒன்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறது. கரையில் ஒரு பெண் மட்டும் கையை உயர்த்தி நிற்கிறாள். மனைவி எதிரே இருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டாள். இவரும் உட்கார்ந்தார். உட்கார்ந்தது உடம்புதான், முழங்கால் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

“பாவம் அவ” என்றாள் மனைவி.

“பாவம் என்ன பாவம்? நேரத்துக்கு வரணும். இப்ப வந்து கையைக் காட்டி நிறுத்துன்னா?”

“யாரு நிறுத்தச் சொன்னா? அவ போயிட்டு வாங்கன்னு கையாட்டறா.”

“எத்தனை கையைப் பாத்தவன் நான்! இது நிறுத்தச் சொல்ற கைதான்.”

“உங்களுக்குக் கையைத்தானே தெரியும். மொகத்தைப் பாருங்க.”

காவலாளியைக் கூப்பிட்டு நியாயம் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார்.

“அதுவா? கண்ணுல வெயில் படுது, மறைக்கிறான்னுல்ல நான் இத்தனை வருஷமா நெனச்சேன்!”

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. ரைட்டின் முழங்கால் கொஞ்சம் அடங்கியது. கெட்டிக்காரத்தனமாகச் சமாளித்துவிட்டோம், இனி பயமில்லை என்று நினைத்தார். அந்த நேரம் பார்த்து மூடும் மணி அடித்தது.

மணிச் சத்தம் ஒன்று. அதற்கு அவர் ஆயுசு முழுக்கச் சொன்ன பதிலும் ஒன்று.

“போலாம் ரைட்!”

கூடமே அதிர்ந்தது. அடுத்த அறையில் இருந்தவர்கள்கூட அவசரமாகக் கிளம்பினார்கள். கிளம்பாதவள் மனைவி ஒருத்திதான்.

“அது... அது தொழில் வார்த்தை. உன்னைச் சொல்லல!”

“தெரியும்” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. அதுதான் அவரை இன்னும் பயமுறுத்தியது. “என்னைச் சொன்னாலும் அப்படித்தானே சொல்லுவீங்க. ‘போலாமா’ன்னு என்னை ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? எப்பவும் ‘போலாம்’தான்.”

சொல்லிவிட்டு அவளாக எழுந்து நடந்தாள். படிகளில் இறங்கும்போது ரைட்டு யோசித்துப் பார்த்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன நாளிலிருந்து யோசித்துப் பார்த்தார். ஒரு தடவைகூடக் கேட்டதாக ஞாபகம் வரவில்லை. அன்று ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டே கிடந்தார்.

மறுநாள் வெளியூர்ப் பேருந்தில் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார். பெட்டியை மேலே வைத்தார், கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தார். அவள் “உடம்பைப் பாத்துக்குங்க” என்றாள். எப்போது வருவாய் என்று கேட்க வாய் வரவில்லை. தோற்றவன் எந்த முகத்தோடு கேட்பான்? கீழே இறங்கி நின்றார்.

விசில் கேட்டது. வண்டி நகர்ந்தது. போயிட்டு வா என்று சொல்லத்தான் அவர் கையைத் தூக்கினார். தூக்கிய கை ஆடவில்லை. அப்படியே நின்றது.

கண்ணாடியில் கையைப் பார்த்த ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். நடத்துநர் படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

“என்ன பெரியவரே, ஏறணுமா?”

ஜன்னலில் மனைவியின் முகம். “என்னங்க, எதையாவது விட்டுட்டேனா?”

ரைட்டு அந்த முகத்தையே பார்த்தார். மாற்றுத் துணி இல்லை. வீட்டுக் கதவைப் பூட்டினோமா என்பதும் நினைவில்லை.

“நானும் வரலாமா?”

பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. நடத்துநர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார்.

“சீக்கிரம் சொல்லுங்கம்மா, நேரமாச்சு. போலாமா, வேணாமா?”

“கொஞ்சம் இருப்பா” என்றாள் அவள். “அவர் கேட்டுக்கிட்டிருக்கார்ல.”

சொல்லிவிட்டு, பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.