பிஞ்சுப் பிலாவின் கீழே

எங்கள் கடற்கரையில் பெண் வீட்டார் சம்மதித்தால் மட்டும் கல்யாணம் ஆகிவிடாது. மாதா கோயில் சாமியாரும் சம்மதிக்க வேண்டும். மாப்பிள்ளையும் பெண்ணும் செப மந்திரங்களைப் பிழையில்லாமல் சொன்னால்தான் ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார், அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஊரறியச் சொல்வார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் என் முறை வந்தபோது தவக்காலம் நெருங்கியிருந்தது. அதில் கல்யாணம் கிடையாது. தவறினால் பாஸ்கு என்னும் ஈஸ்டர் திருநாள் கழிய வேண்டும். அதுவரை காத்திருக்கும் பக்குவம் எனக்கு இல்லை.

விசுவாச மந்திரத்தைக் கடகடவென்று சொன்னேன். “பிஞ்சுப் பிலாவின் கீழே பாடுபட்டு...”

சாமியார் கையை உயர்த்தினார். “எதன் கீழே?”

“பிலா, சாமி. பலாச்சக்கை காய்க்குமே, அந்த மரம்.”

“போஞ்சு பிலாத்து! இயேசுவுக்குச் சிலுவைத் தீர்ப்பிட்ட அதிகாரி அவர், மரமில்லை!”

பிழையில்லாமல் ஒப்பித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற, நான் கட்டப்போகும் பெண் முக்காட்டுக்குள் குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன்.

தண்டனையாக, புதுநன்மை என்னும் முதல் நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளோடு ஒரு வாரம் உபதேசம் படித்தேன். அந்தக் குட்டி பெஞ்சில் என் முழங்கால் மீசையைத் தொட்டது. “மாமா, பிலாத்து! வாயத் தொறந்து சொல்லும்,” என்று ஒரு சிறுமி அதட்டினாள்.

மறுபடி ஒப்பிக்கப் போனபோது அப்பாவும் கூட வந்தார். எனக்கு மந்திரம் தந்தவர் அவர். அவருக்குத் தந்தது அவருடைய அப்பா, கட்டுமரத்தில் துடுப்புப் போட்டபடியே. நான் “பிலாத்து” என்றதும் அப்பா பதறினார்.

“சாமி, பய தப்பாச் சொல்லுகான்!”

“யப்பா, கொஞ்சம் சும்ம இரும்!”

“ஏலே, கல்யாணம்னதும் மரத்த வெட்டிட்டியா?”

“பெரியவரே, அது ஒரு மனிதனின் பெயர்,” என்றார் சாமியார்.

“மரத்துக்கக் கீழ நின்னா சக்கை தலையில வுழும், சாமி. அதாக்கும் பாடு!”

சாமியார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கியதும், “வரும் ஞாயிறே ஓலை வாசிக்கிறேன். இவரை முதலில் வீட்டுக்குக் கூட்டிப்போ,” என்றார்.

தவக்காலத்துக்கு முன்பே கல்யாணம் முடிந்தது. வீட்டில் அந்திச் செபத்தில் என் மனைவி “பிலாத்து” என்பாள். அப்பா அதைவிட உரக்க “பிலாவு” என்பார். அப்பா வாங்கும் அரிசியும் அவள் வடிக்கும் சோறும் எனக்கு வேண்டியிருந்ததால் சரியாக அந்த இடத்தில் இருமுவேன்.

“இந்த இருமலு மத்த நேரம் எங்க போவுது?” என்று கேட்பாள் அவள்.

எங்கள் பிள்ளைகளோ, அந்த இடத்தில் இருமுவதும் மந்திரத்தில் சேர்த்தி என்றே படித்துக்கொண்டார்கள்.