புடவைக்கு மேலே ஓர் அழுத்து

லாஸ்பேட்டையில் இருந்த அந்த பிசியோதெரபி அறையை நினைத்தால் இன்றைக்கும் குமட்டுகிறது. யார் யாரோ படுத்து எழுந்த ரெக்சின் கட்டில், காயாமலே மடித்து வைத்த ஒத்தடத் துணியின் புளித்த வாடை, ஜெல் டப்பாவின் விளிம்பில் ஒட்டிக்கிடந்த ஒரு முடி. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முட்டிச் சில்லு உடைந்து, அப்போதுதான் கட்டுப் பிரித்த கால். சேதராப்பட்டு கம்பெனியில் எனக்கு நின்றபடியே செய்யும் பேக்கிங் வேலை. கால் உடம்பைத் தாங்குமா தாங்காதா என்பதை அந்த அறையில் இருந்த பிசியோதெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

அங்கே ஒரு வழக்கம். ஆண்களைக் கட்டிலில் படுக்கவைத்து, காலை நீட்டித் தொடையை இறுக்கச் சொல்லி அழுத்திப் பார்ப்பார். பெண்களுக்கு நாற்காலி. புடவையோடு படுத்தால் நன்றாக இருக்காதாம். முட்டியை மடக்கிக் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டும். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, புடவைக்கு மேலேயே தொடையில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்துவார்.

"இறுக்கும்மா... கெட்டியாதான் இருக்கு. வேலைக்குப் போலாம்."

"படி எறங்கறப்ப கால் மடியுது சார்."

"அது பயம். பொம்பளைங்க எல்லாருக்கும் இருக்கறதுதான்."

நம்பிப் போனேன். முதல் ஷிப்டிலேயே, பெட்டியைத் தூக்கித் திரும்பும்போது முட்டி மடிந்தது. எல்லார் முன்னாலும் பொத்தென்று விழுந்தேன். "முடியலைன்னா வூட்லயே இருக்க வேண்டியதுதான?" என்று சூப்பர்வைசர் அலுத்துக்கொண்டார்.

பிறகு வேறொரு மருத்துவமனையில் பிசியோதெரபி செய்யும் ஓர் இளம்பெண் என் காலைப் பார்த்தாள். திரையை இழுத்துவிட்டு, தொளதொளவென்று ஒரு பேண்ட் கொடுத்து மாற்றச் சொன்னாள். படுத்துக் காலை நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். என் கையையே எடுத்துத் தொடைமேல் வைத்தாள். ஊறிய ரொட்டி மாதிரி கொழகொழவென்று இருந்தது. என் சதையே எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்து உட்காரவைத்து, முட்டியை மடக்கிக் காலைத் தொங்கவிடச் சொன்னாள். "இப்ப இறுக்காதீங்க. சும்மா தொட்டுப் பாருங்க." இறுக்காமலே கெட்டியாக இருந்தது.

"மடக்கினா முன்பக்கச் சதை இழுபட்டு வெறைக்கும்க்கா. நீங்க இறுக்கி வந்த கெட்டி எது, இழுபட்டு வந்த கெட்டி எதுன்னு வெறும் கைக்குத் தெரியாது. நீட்டி வெச்சும் பாக்கணும்."

இவ்வளவுதான் விஷயம். இதைக்கூடச் செய்யாமல்தான் அந்த ஆள் பெண்களையெல்லாம் தேறிவிட்டதாக அனுப்பிக்கொண்டிருந்தார். மரியாதையாம், பெரிய மரியாதை! நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று கிளம்பிப் போனேன்.

அறை வாசல் பெஞ்சில் ஒரு பெண் காத்திருந்தாள். ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவள். முட்டியில்தான் அடியாம், நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லி ஓட்டலில் நெருக்குகிறார்களாம். "தங்கமான மனுஷன் இந்த சாரு. புடவையக்கூட ஒதுக்கச் சொல்ல மாட்டாரு" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுற்றிலும் ஆண்கள் இருப்பதையும் பார்க்காமல் பெஞ்சிலேயே காலை நீட்டி, புடவையை முட்டிக்கு மேல் ஏற்றி, அவள் கையைப் பிடித்து என் தொடையில் வைத்தேன். "அழுத்திப் பாருக்கா. இதத்தான் அவரு கெட்டின்னு சொல்லி அனுப்பிச்சாரு."

அவள் வெடுக்கென்று கையை இழுத்து முந்தானையில் துடைத்தாள். "சீ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று முகத்தைச் சுளித்துவிட்டு, உள்ளே கூப்பிட்டதும் சுவரைப் பிடித்து நொண்டிக்கொண்டே போனாள்.