பட்டன் வரிசையும் பங்காளி ரோஷமும்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடும்பத்தில் ஒரு வட்டமேஜை மாநாடு. எதற்கு? ஒரு மொபைல் ஆப்பில் எந்த பட்டன் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய!

சிரிக்காதீர்கள். இல்லை, சிரியுங்கள்... நானே இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

அன்னூர் பக்கம் எங்களுக்குத் தோட்டம். என் கணவரோடு பிறந்தவர்கள் ஒரு அண்ணன், ஒரு தம்பி. தோட்டத்தை மூன்றாகப் பிரித்தாயிற்று. கிணற்றைப் பிரிக்க முடியுமா? கிணறும் மோட்டாரும் பொது; தண்ணீர் முறை வைத்து. போன மாதம் பழைய ஸ்டார்ட்டர் பெட்டி புகைந்துபோனது. கோவையில் ஆப் டிசைன் செய்யும் என் மகள் யாழினி துள்ளிக் குதித்தாள்.

“நான் ஒரு ஆப் பண்ணித் தர்றேன்மா. ஊட்டுல இருந்தே அமுக்கினாப் போதும். மோட்டாரும் ஓடும், அவங்கவங்க வால்வும் தொறக்கும்!”

செய்தும்விட்டாள். மூன்று பட்டன்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக. மேலே பெரியவர் பேர், நடுவில் என் கணவர் பேர், கீழே சின்னவர் பேர்.

சின்னவர் முகம் சுருங்கிவிட்டது. “ஏனுங் கண்ணு... கல்யாணப் பத்திரிகையிலயும் நான் கடேசி. இதுலயும் உங்க சித்தப்பன் அடியிலதானா?”

அந்த ஆப்பையே தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். ரோஷம்! அவர் நட்டிருந்த வாழைக்கன்றுகளோ தண்ணீர் இல்லாமல் வாட ஆரம்பித்துவிட்டன. 

யாழினி அசரவில்லை. மூன்றையும் ஒரே வரிசையில் பக்கம் பக்கமாக அடுக்கினாள். சமத்துவம்! ஆனால் பெரியவருடையது சின்ன போன். எழுத்தையும் பெரிதாக வைத்திருப்பார். அதில் இரண்டு பட்டனுக்குத்தான் பக்கம் பக்கமாக இடம் இருந்தது. மூன்றாவது தானாகக் கீழே இறங்கித் தனியாக நின்றது.

இப்போது கொதித்தவர் பெரியவர். “எம்பட தம்பியை இப்படித் தனியா ஒதுக்கிப்போட்டியே அம்மணி! பார்க்கறவங்க என்ன நெனைப்பாங்க?”

பத்திரிகையில் பேர் போடும் வரிசைக்காக அச்சகத்துக்கு நாலு நடை நடக்கிறவர்கள் நாம். டச் ஸ்கிரீன் வந்தால் மட்டும் மாறிவிடுவோமா என்ன?

இத்தனையிலும் வாயே திறக்காதவர் என் கணவர். நடுப்பிள்ளை அல்லவா? மேலிருந்து அடுக்கினாலும் நடு, பக்கவாட்டில் அடுக்கினாலும் நடு!

அதனால்தான் பெரியவர் வீட்டில் மாநாடு. யாழினியின் லேப்டாப்பைச் சுற்றி அண்ணன் தம்பி மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

“வட்டமா வெச்சுப்போடு. யாரு மொதல்லன்னே தெரியாது” என்றார் பெரியவர்.

“கடியாரத்துல பன்னெண்டு இருக்கற எடத்துல நிக்கறவன்தானுங்கண்ணா மொதலு” என்றார் சின்னவர்.

முக்கோணமா, சதுரமா என்று பேச்சு சூடு பிடித்த நேரம்... பெரியவர் போனும் என் கணவர் போனும் ஒன்றாக ஒலித்தன. ‘மோட்டார் ஓடுகிறது. சின்னவர் வால்வு திறந்திருக்கிறது.’

எல்லோரும் சின்னவரைப் பார்த்தோம். “நான் தொடவே இல்லீங்க!” என்று சட்டைப் பையைத் தடவினார். போனைக் காணோம்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி மரகதம் வந்தாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் அவருடைய போன்.

“நீங்க பொறுமையாப் பேசி முடிங்க. கன்னு வாடுதுங்க... நான் தண்ணி உட்டுப்போட்டேன்.”

பெரியவர்தான் முதலில் சிரித்தார். அவர் மனைவி சும்மா இருப்பாரா? “எங்கூட்டு பட்டனையும் நாந்தானே தெனமும் அமுக்கறேன்!” என்றார். நானும் கையைத் தூக்கினேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

யாழினி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆண்கள் பேர் மூன்றையும் அழித்தாள். எங்கள் பேர் மூன்றையும் போட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்!

“எந்த வரிசையில போடட்டும்?” என்று அவள் கேட்டபோது மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம் — “எப்படியோ போடு கண்ணு, தண்ணி வந்தாச் சரி.” வேலை செய்கிறவர்களுக்கு வரிசை ஒரு பொருட்டே இல்லை, பார்த்தீர்களா?

என் போனில் மட்டும் என் பேர் மேலே வரும்படி யாழினியிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்... மரகதத்தின் காதில் போட்டுவிடாதீர்கள்!