சுகுமாரனின் தலையில் விழுந்த வட்டம்

மலேசியாவின் ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் முடி வெட்டிக்கொள்ளும் ஆண்களில் பாதிப் பேர் சுகுமாரனிடம் வெட்டிக்கொள்ளத்தான் போவார்கள். மீதிப் பேர் ஆலோசனை கேட்கப் போவார்கள். பொடுகு, பேன், இளநரை, முன் வழுக்கை, கழுத்துத் தேமல் என்று எதைச் சொன்னாலும் அவரிடம் பதில் இருக்கும். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய தகப்பனுக்குப் பிறந்து, பத்தொன்பது வயதில் ஈப்போவுக்கு வந்து கத்தரிக்கோல் பிடித்தவர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை என்கிற குறையை இந்த வைத்தியர் பட்டம் தீர்த்துவைத்திருந்தது. கடையில் கரும்பச்சை நிறத்தில் ஓர் எண்ணெயும் விற்றார். கரிசலாங்கண்ணி, வெந்தயம், சின்ன வெங்காயம் எல்லாம் போட்டு அவரே காய்ச்சியது. வாங்கிப்போனவர்களில் ஒருவர்கூட இதுவரை குறை சொன்னதில்லை.

அப்பேர்ப்பட்டவரின் பின்னந்தலையில், ஐம்பத்தெட்டாவது வயதில், ஐம்பது காசு நாணய அகலத்துக்கு வழவழவென்று ஒரு வட்டம் விழுந்தது. புழுவெட்டு. முதலில் பார்த்தவள் மனைவி கலாதேவி.

"டாக்டர்கிட்ட போங்க" என்றாள்.

"முடி வெட்டுறவன் முடிக்கு டாக்டர்கிட்ட போனா ஊரு சிரிக்காதா?"

"அப்ப பல்லு டாக்டருக்குப் பல்லு வலிச்சா, அவரே புடுங்கிக்குவாரா?"

சுகுமாரன் வாயை மூடிக்கொண்டார். தலையையும் ஒரு தொப்பியால் மூடினார். இரண்டு வாரத்தில் வட்டம் இரண்டானது. கடைக்கு வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் எவன் வந்து ஆலோசனை கேட்பான்? அந்தப் பயத்தில் சோறுகூடச் சரியாக இறங்கவில்லை. கடைசியில் கலாதேவியே ஒரு வழி சொன்னாள். காம்பாரில் தோல் டாக்டர் ஒருவர் இருக்கிறார், அங்கே புந்தோங் ஆட்கள் யாரும் வரமாட்டார்கள்.

திங்கட்கிழமை கடைக்கு லீவு. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோப்பெங் வழியாகக் காம்பாருக்குப் போனார்.

கிளினிக்கில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றாமலே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். என்ன ஜென்மமோ என்று நினைத்துக்கொண்டு சுகுமாரன் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். பக்கத்தில் நல்லம்மாள் என்கிற அம்மா விடாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க சுகுமாரனால் முடியுமா?

"பொடுகா அக்கா?"

"ஆமாந்தம்பி, ஆறு மாசமா இருக்குலா."

"இதுக்குப் போய் டாக்டரா? ஈப்போவுல நம்ம கடைக்கு வாங்க. ஒரு போத்தல் எண்ணெய் தாரேன். ஒரே மாசத்துல போயிரும்."

தலைக்கவசக்காரர் இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திரும்பினார். முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் ஆவலோடு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். சுகுமாரன் வெந்தயத்தை எப்படி ஊறவைப்பது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, மலாய்க்கார நர்ஸ் சீட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள்.

"என்சிக் சுகுமாரன்! ரம்புட் குகூர்!"

முடி கொட்டுகிற சுகுமாரன் எழுந்தார். நல்லம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முன்வரிசை நாற்காலிகள் பழையபடி திரும்பிக்கொண்டன.

டாக்டர் மாதுமைக்கு முப்பது வயதுதான் இருக்கும். வட்டங்களை உற்றுப் பார்த்தார்.

"உடம்பே தன்னோட முடி வேரைத் தாக்குது, ஐயா. நிறையப் பேருக்குத் திரும்ப வளந்துரும். ஊசி போடுறேன், சில மாசம் பொறுமையா இருங்க. தலையில ஏதாச்சும் தேய்ச்சீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நீங்களே எண்ணெய் காய்ச்சி விக்கிறதா வெளிய சொல்லிட்டிருந்தீங்களே, காதுல விழுந்துச்சு."

சுகுமாரன் தரையைப் பார்த்தார். "அது எனக்கு ஒத்துக்காது டாக்டர். தேய்ச்சா அரிக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஊசியை எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சுகுமாரனுக்கு.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள். மூலையில் இருந்தவர் வேறு வழியில்லாமல் தலைக்கவசத்தைக் கழற்றினார். பார்த்தால் தர்மேந்திரன். புந்தோங்கில் பள்ளி பஸ் ஓட்டுகிறவன், இருபது வருடமாக இவரிடமே முடி வெட்டிக்கொள்கிறவன். தலை முழுக்கச் சிவந்து, செதில் செதிலாக உரிந்து கிடந்தது.

"தர்மா, என்னடா இது?"

"உங்க எண்ணெய்தாண்ணே. பன்னெண்டு போத்தல் வாங்கி வச்சிருந்தேன், போன தடவை முடி வெட்டினதுக்கு அப்புறந்தான் தேய்க்க ஆரம்பிச்சேன். ஒண்ணு முடியிறதுக்குள்ள இப்படி ஆயிருச்சு."

"நல்லாருக்குன்னுதானடா ஒவ்வொரு தடவையும் சொன்ன?"

"உங்க மூஞ்சியப் பாத்து எப்படிண்ணே தேய்க்கவே இல்லன்னு சொல்றது? ஈப்போ கிளினிக்குக்குப் போனா உங்க காதுக்கு வந்துரும்னுதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

இத்தனை மரியாதையைச் சுகுமாரனால் தாங்க முடியவில்லை. உண்மை தானாக வாயில் வந்துவிட்டது. "எனக்கும் அரிக்குண்டா. என் தோலுதான் மோசம்னு நெனைச்சேன். நீங்கள்லாம் நல்லாருக்குன்னு சொன்னீங்களே."

தர்மேந்திரன் முகம் மாறிவிட்டது. "தெரிஞ்சேவா எனக்கு வித்தீங்க?" என்றான். பதிலுக்கு நிற்காமல் டாக்டர் அறைக்குள் போய்விட்டான்.

மறுநாள் காலையில் சுகுமாரன் கடையில் இருந்த எண்ணெய் அத்தனையையும் அப்புறப்படுத்தினார். தொப்பியையும் கழற்றிவிட்டார். வந்தவர்கள் வட்டங்களைப் பார்த்தார்கள், கேட்டார்கள். டாக்டரிடம் போனதைச் சொன்னார். எண்ணெயைப் பற்றியும் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சிலர் தாங்களும் தேய்த்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் தன் வீட்டு இரும்பு கேட்டுக்கு அது நன்றாக வேலை செய்வதாகச் சொன்னார். எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை. தர்மேந்திரன் வருவானா என்றுதான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதன், வியாழன் போயின. பள்ளி பஸ் கடையைத் தாண்டிப் போனது, நிற்கவில்லை. இருபது வருடச் சிநேகிதத்தை ஒரு போத்தலில் அடைத்து விற்றுவிட்டோமே என்று உள்ளுக்குள் அழுதார்.

சனிக்கிழமை மத்தியானம் தர்மேந்திரன் வந்தான். சிரிக்கவில்லை. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"மருந்து தலையில படுறதுக்கு ஒட்ட வெட்டணுமாம். டாக்டர் சொன்னாங்க."

"வேற கடைக்குப் போயிருக்கலாமேடா."

"போனேன். அவன் கத்தரியோட கிட்ட வந்ததும் எந்திரிச்சு வந்துட்டேன். இந்தத் தலையை வேற எவன் கையிலயும் குடுக்க மனசு வரலண்ணே."

சுகுமாரன் துணியைப் போர்த்தினார். புண் நோகாமல் சீப்பை வைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே" என்றான் தர்மேந்திரன், கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி. "இருவது வருசமா என்னைய ஆடாத ஆடாதன்னு சொல்லிட்டு, இப்ப நீங்க ஆடுறீங்களே. காதை வெட்டிராதீங்க."