விளக்குக்கு வைத்த சந்தனப் பொட்டு

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று என் மனுசனை அலை உருட்டிக்கொண்டு போய்ப் பனைக்கூட்டத்துக்குள் போட்டது. உயிர் தப்பியது பெரிய காரியம். அதற்குப் பிறகு கண் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போனது. நரம்பு பழுது, வெட்டித் திருத்த ஏலாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சோற்றுக் கோப்பையைத் தடவித்தான் எடுப்பார். ஆட்களைக் குரலில் அறிவார்.

எங்களுக்கு ஒரே மகன். சண்டை இறுகின நேரம், இங்கே வைத்திருந்தால் மிஞ்சமாட்டான் என்று கட்டாருக்கு அனுப்பிவிட்டோம். அவன் வேலை செய்த ஹோட்டலில் வேண்டாமென்று கழித்த பெரிய டீவி ஒன்றைக் கப்பலில் போட்டு அனுப்பினான். அலுமாரி மாதிரி இருக்கும். உள்ளே ஒரு விளக்கு எரியும். அந்த வெளிச்சம்தான் படத்தைத் திரையில் விழுத்தும். ஆரையம்பதியில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்றை நான் காணவில்லை. மகன் தன்னைப் படம் பிடித்து அனுப்பும் சீடியைப் போட்டால், முகம் சுளகு அளவுக்கு வரும். கிட்ட நின்றால் என் மனுசனுக்குத் தெரியும். சின்ன டீவியில் ஒன்றும் தெரியாது.

சண்டை ஓய்ந்த பிறகு ஒருநாள் அந்த விளக்கு 'டப்' என்று போய்விட்டது. புளியந்தீவு டவுன் கடைகளில் அப்படிச் சாமான் இல்லை. மாதக்கணக்காக என் மனுசன் மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் கட்டாரில் இருந்த காத்தான்குடி யாவாரி ஒருவர் ஊருக்கு வந்தபோது, மகன் கொடுத்துவிட்ட விளக்கையும் புதுச் சீடியையும் கொண்டுவந்து தந்தார்.

இன்னொன்று தேடி எடுக்க ஏலாது, கவனம் என்று மகன் போனில் சொன்னான். எழுத்து எனக்கு அவ்வளவாக ஓடாது, காது ஓடும். அவன் சொன்னபடி, முதலில் பிளக்கைக் கழற்ற வேணும். எரிந்த சூடு இருந்தால் ஆறவிட வேணும். பின்மூடி ஆணியைக் கழற்றி, பழைய விளக்கைக் கைபிடியில் பிடித்து நேரே இழுக்க வேணும். புது விளக்கின் கண்ணாடியில் விரல் படவே கூடாது. பட்டால் கை எண்ணெய் ஒட்டி, சூட்டில் வெடிக்கும்.

அயலார் ஒருவர் தான் செய்து தருவதாகச் சொன்னார். என் வீட்டு விளக்குக்கு அடுத்த ஆளின் கை எதற்கு? நானே பழையதைக் கழற்றினேன். புதியதைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் நாங்கள் சந்தனம் வைக்காமல் புழங்குவதில்லை. தோணிக்கு வைத்தோம், தையல் மெசினுக்கு வைத்தோம். விளக்குக்கு வைக்காமல் விடலாமா? விரல்தானே படக்கூடாது. ஈர்க்கு நுனியில் சந்தனம் தொட்டு, கண்ணாடி நடுவில் ஒரு பொட்டு வைத்தேன். வடிவாகத்தான் இருந்தது.

மூடியை மடியில் வைத்துக்கொண்டிருந்த என் மனுசன் மூக்கை நிமிர்த்தினார்.

"சந்தனம் மணக்குது. எங்ககா வச்ச நீ?"

"விளக்குலதான்."

"கண்ணாடியிலயா?"

நான் ஈர்க்கைக் கீழே வைத்தேன்.

"விரல் பட்டாலே வெடிக்குமெண்டா, சந்தனத்துக்கு என்னகா செய்யும்?"

உடனே மகனுக்குப் போன் அடித்தேன். அவன் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். இன்னும் எரியவில்லைதானே, பயமில்லை, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள் என்றான். புண் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டில் பழைய வேட்டித் துண்டை நனைத்துத் துடைத்தேன். போய்விட்டதா என்று என் கண்ணை நம்பாமல் அவர் மூக்கிடம் நீட்டினேன். மணந்து பார்த்து, இன்னும் இருக்கிறது என்றார். திரும்பவும் துடைத்தேன். பிறகுதான் தலையாட்டினார்.

காய்ந்த பிறகு விளக்கை உள்ளே வைத்து, மூடியை இறுக்கினேன். மிஞ்சின சந்தனத்தை மூடியில் வைத்தேன். நான் வைத்ததில் பிழையில்லை, வைத்த இடம்தான் பிழை.

பிளக்கை மாட்டி, புதுச் சீடியைப் போட்டேன். திரை மெல்ல வெளுத்தது. அதில் மகன் வந்தான். அவர் எழும்பிப் போய், திரைக்கு ஒரு சாண் தள்ளி நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"மெலிஞ்சு போனான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார். "விரல் படக்கூடாதெண்டது விளக்குக்குத்தானே?"

"ஓம். இதுக்கு இல்ல."

மகனின் கன்னத்தில் கையை வைத்தார்.